பாடகர் பயணமும் விருந்தளிக்கும் சபைகளும்: வாசகர் கேள்வி பதில்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது திருகோணமலைச் சபைகளின் இளைஞர் பாடகர் குழுக்கள் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புறப்படுவதும், அங்குள்ள குழுக்கள் இங்கு வருவதும் வழக்கமாகையால், இம்முறை எமக்குக் கிடைத்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்தன. போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், வரவேற்கிறவர்களும், அவர்களை ஏற்றிச் செல்கிறவர் ஒருவரும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியப் பாடகர் குழுவில் இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஓகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாடுவதற்கு அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு இடத்துச் சபைகளும் பிள்ளைகளை வீடுகளில் தங்கவைப்பதாகச் சொல்கின்றன. "இந்த விலைவாசியில் அவர்களுக்கு ஏன் சிரமம் கொடுக்க வேண்டும்? மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கடையில் சாப்பாட்டுப் பார்சல் எடுத்துக்கொள்வோம்" என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
— பாடகர் குழுப் பொறுப்பாளர், உவர்மலை

பதில்: வீடுகளிலேயே தங்குங்கள். பிறருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அழைத்தவர் தம்மால் இயலும் என்று சொன்ன பிறகு, இயலாது என்று அவருக்காக நாம் முடிவெடுப்பது மரியாதையாகாது. உங்கள் குழு ஆலயத்தில் பாடப்போவது ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்காக மட்டும் இருபத்தெட்டுப் பேரை அவ்வளவு தூரம் அழைத்துப் போகத் தேவையில்லை. ஓர் ஒலிப்பதிவை அனுப்பிவைத்தாலே போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் குடும்ப ஜெபத்தில், நாம் ஒரு மெட்டில் பாடிப் பழகிய கீர்த்தனையை அந்த வீட்டார் வேறொரு மெட்டில் பாடக் கேட்பதும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் பாடகர் குழுவில் பேஸ் பாடியதாகச் சொல்லும் முதியவரிடம் அந்தக் காலத்துப் பயணக் கதைகளைக் கேட்பதும் மண்டபத்துப் பாயில் படுத்திருப்பவருக்குக் கிடைக்காது. மறுநாள் அந்த வீட்டார் ஆலயத்து வாங்கில் வந்து அமரும்போது, முன்னால் நிற்கும் இருபத்தெட்டுப் பேரில் இரண்டு பேர் அவர்களுடைய வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டிருப்பார்கள். அவர்கள் பாட்டைக் கேட்கும் விதமே அதனால் மாறிவிடும்.

செலவைப் பற்றிய கவலையை நான் தள்ளிவிடவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, இரண்டு இளைஞர்களுக்கு மூன்று வேளை மீனும் இறைச்சியும் சமைத்துப் போடுவது பல வீடுகளுக்கு இலேசான காரியமல்ல என்பதும், அதைச் சொல்லாமலேயே செய்துவிடும் குணம் நம் தாய்மாருக்கு உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் ஒரே ஊரில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்காதீர்கள். மதியச் சாப்பாட்டைத் தாய்மார் சங்கத்தார் சபை மண்டபத்தில் பொதுவாகச் சமைக்கும்படி ஏற்பாடு செய்து, அதற்கான அரிசி, பருப்பு, தேங்காய் ஆகியவற்றின் செலவை உங்கள் குழு ஏற்றுக்கொள்ளட்டும். அந்தப் பணத்தைச் சபையின் பொருளாளரிடம் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் நேரே பணத்தை நீட்டினால் அவர் மனம் நோகும். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வீட்டில் இருக்கட்டும். புட்டும் சம்பலும் போதும் என்று குருவானவர் வழியாக முன்கூட்டியே சொல்லிவைப்பதில் தவறில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர்ப்பட்டியல். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், ஒவ்வொருவரின் வயது, யாருக்கு என்ன உணவு ஆகாது, யார் மருந்து எடுக்கிறார்கள் என்பவற்றைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு அந்த எண்ணிக்கையை மாற்றாதீர்கள். புறப்படும் நாளில் தொலைபேசி எடுத்து, "இன்னும் மூன்று பேர் வருகிறார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைவிடப் பெரிய மரியாதைக்குறைவு இந்தப் பயணங்களில் வேறில்லை. நம் குழுக்கள் அதை அடிக்கடி செய்கின்றன.

திகதியையும் கவனியுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா பெரும்பாலும் ஓகஸ்டிலேயே வருகிறது. அந்த நாட்களில் யாழ்ப்பாண நகரில் தங்குமிடம் கிடைப்பது அரிது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளும் வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும். ஓகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதாவின் திருவிழா என்பதால் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல வீட்டில் இரா. டிசெம்பருக்குத் தள்ளிப்போடலாமா என்று நினைத்தால், அது ஒளிவிழாக்களின் மாதமாக இருப்பதோடு வடகீழ்ப் பருவமழையின் மாதமாகவும் இருக்கிறது. அன்றியும் 2004இல் கடல் பொங்கிய 26ஆம் திகதி, கிழக்குக் கரையோரச் சபைகள் பலவற்றில் இன்றும் நினைவு ஆராதனை நாளாகும். அந்த நாளில் கரோல் நிகழ்ச்சி கேட்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. இதுவரை உறவினர் அல்லாதவர் வீட்டில் ஓர் இரவும் தங்கியதில்லை. பாடகர் குழுவோடு அனுப்ப விருப்பம்தான். ஆனால் பயமாகவும் இருக்கிறது. "சபையார் வீடுதானே" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
— ஒரு தாய், பாலையூற்று

பதில்: பயப்படுவது உங்கள் உரிமை. "சபையார் வீடுதானே" என்பது ஆறுதல் வார்த்தையேயன்றிப் பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. குழுப் பொறுப்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. அவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் பொறுப்பாளரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படையுங்கள். எந்தப் பிள்ளையும் ஒரு வீட்டில் தனியாகத் தங்கக் கூடாது. குறைந்தது இரண்டு பெண்பிள்ளைகள் ஒரே வீட்டில், ஒரே அறையில் இருக்க வேண்டும். வீடுகளை அவ்வூர்க் குருவானவரும் சபையின் பெண் தலைவியரும் சேர்ந்து தெரிந்தெடுத்திருக்க வேண்டும். வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் பயணத்துக்கு முன்பே உங்கள் கைக்கு வரவேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பொறுப்பாகப் போகும் அக்காவோ ஆசிரியையோ நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்கியிருந்து, ஒவ்வொரு நாள் காலையிலும் ஒவ்வொரு பிள்ளையையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, "எனக்கு இந்த வீட்டில் இருக்க விருப்பமில்லை" என்று பிள்ளை சொன்னால், காரணம் கேட்டுக்கொண்டிராமல் அந்த இரவே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் மனம் நோகுமே என்ற தயக்கத்தை அங்கே வைக்கவே கூடாது. அவரிடம் பின்னர் பேசிக்கொள்ளலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும், இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தையும், பொறுப்பாளரின் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி மகளின் பையில் வைத்துவிடுங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் இருந்தால் அதன் மின்கலம் தீர்ந்த நேரத்தில் பயன்படாது.

உங்கள் பக்கத்திலும் சில ஆயத்தங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இன்னும் கிணற்றடியில்தான் குளிக்க வேண்டும். அதற்கேற்ற உடுப்பைக் கொடுத்துவிடுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் வெட்கப்படாமல் யாரிடம் சொல்வது என்பதை முன்பே பேசிவையுங்கள். படுத்த பாயைச் சுருட்டிவைக்கவும், சாப்பிட்ட கோப்பையைக் கழுவிவைக்கவும் தெரிந்த பிள்ளையை எந்த வீட்டாரும் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: கடந்த பயணத்தில் போன வீடுகளிலெல்லாம் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று போட்டுப் போட்டு, மாலையில் பாட நின்றபோது மூச்சே விட முடியவில்லை. மறுத்தால் குறை நினைப்பார்கள். எனக்கு நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாது; அதையும் சொல்லத் தயக்கமாக இருந்தது.
— டெனர் பாடும் ஓர் இளைஞன், நிலாவெளி

பதில்: தம்பி, வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் மூச்சு குறுகிப்போகும் என்பது உண்மைதான். பாடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டு முடிப்பது நல்லது. ஆனால் இலையில் போட்ட பிறகு மறுப்பதற்கும், போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து தேநீர் குடிக்கும்போதே, "அன்ரி, பாட்டு முடிந்து வந்து வயிறாரச் சாப்பிடுகிறோம், இப்போது கொஞ்சம் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். எந்த அன்ரியும் குறை நினைக்கமாட்டார். இரவுச் சாப்பாடு இரண்டு மடங்காகும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்டையும் இறாலையும் பற்றித் தயக்கமே வேண்டாம். மட்டக்களப்பில் வாவி நண்டையும் இறாலையும்தான் விருந்தாளிக்கென்று தேடி வாங்குவார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம் என்பதால், பெயர்ப்பட்டியலில் எழுதுவதோடு வீட்டாரிடமும் நேரில் சொல்லுங்கள். கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றைச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அதே அகப்பை மற்றக் கறியிலும் பட்டிருக்கும்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு சீடரை இருவர் இருவராக அனுப்பும்போது, முன்னால் வைப்பதைச் சாப்பிடும்படியும், வீட்டுக்கு வீடு மாறித் திரியாதிருக்கும்படியும் சொல்கிறார். இரண்டாவது கட்டளையை நம் இளைஞர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நண்பன் தங்கியிருக்கும் வீட்டில் இரவு பன்னிரண்டு மணிவரை கதைத்துச் சிரித்துவிட்டு மறுநாள் தொண்டை கட்டியதற்குச் சாப்பாட்டைக் குறை சொல்லும் டெனர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவரா என்று நான் கேட்கவில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது பேர் கொண்ட குழு எங்களிடம் பாட வருகிறது. எங்கள் சபையில் குடும்பங்கள் மிகச் சில. பக்கத்து இந்துக் குடும்பங்கள் தாமாகவே முன்வந்து, தங்கள் வீட்டிலும் பிள்ளைகளைத் தங்கவைக்கலாம் என்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?
— சபை மூப்பர் ஒருவர், மூதூர்

பதில்: முப்பது பேரையும் மூதூரிலேயே தங்கவைக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. "பன்னிரண்டு பேருக்குத்தான் இடமுண்டு" என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பாலங்கள் வந்த பிறகு மூதூருக்கும் நகருக்கும் இடையே பஸ்ஸில் போய்வருவது இலேசாகிவிட்டது; மிகுதிப் பேர் நகரிலுள்ள சபைகளில் தங்கிவிட்டுக் காலையில் வந்து சேரலாம். சின்னச் சபை தன் அளவைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அயலவரின் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அது சபைக்குக் கிடைத்த நற்சாட்சி. பாதுகாப்பு ஒழுங்குகளை அந்த வீடுகளுக்கும் குறைவில்லாமல் கைக்கொண்டு, வரும் குழுவின் பொறுப்பாளருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். தங்கப்போகும் பிள்ளைகளிடம் சில விடயங்களைச் சொல்லிவையுங்கள். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் மரக்கறிச் சாப்பாடாகவே இருக்கும். வெளியிலிருந்து கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு போய் அங்கே வைத்துச் சாப்பிடக் கூடாது. சுவாமி அறையை வேடிக்கை பார்க்கும் இடமாக்கக் கூடாது. படுக்கைக்குப் போகுமுன் தங்கள் அறையில் அமைதியாக ஜெபித்துக்கொள்ளலாம். அதை எந்த வீட்டாரும் தடுப்பதில்லை. ஆனால் உணவும் உறைவிடமும் தந்தவர் கையில் புறப்படும்போது மதப் பிரசாரக் கைப்பிரதியைத் திணித்துவிட்டு வருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நம்பி வீட்டைத் திறந்தவரிடம் அப்படி நடந்துகொண்டால் அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது. திறக்காததற்கு அவர்மீது குறை சொல்லவும் முடியாது. அவர்களைப் பாட்டு நிகழ்ச்சிக்கு அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

கேள்வி: மட்டக்களப்பில் பாடும்போது, 2019 உயிர்த்த ஞாயிறன்று இறந்தவர்களின் நினைவாக ஒரு பாடலைப் பாட எங்கள் பிள்ளைகள் விரும்புகிறார்கள். அங்குள்ளவர்களுக்கு அது ஆறுதலாக இருக்குமா?
— பாடல் பயிற்றுநர், திருகோணமலை நகர்

பதில்: இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மேடையில் நின்றுகொண்டு அதை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. அன்று ஏப்ரல் 21ஆம் திகதி காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். உங்கள் குழுவின் பிள்ளைகளுக்கு இப்போது என்ன வயதோ, அந்த வயதை அந்தப் பிள்ளைகளும் எட்டியிருப்பார்கள். உங்களை வரவேற்கும் வீடு அப்படி ஒரு பிள்ளையை இழந்த வீடாகவோ, அந்த வீட்டின் உறவாகவோ இருக்கக்கூடும். எனவே பல வாரங்களுக்கு முன்பே அவ்வூர்க் குருவானவருக்கு எழுதிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், எந்தப் பாடல், நிகழ்ச்சியின் எந்த இடத்தில், முன்னுரை உண்டா இல்லையா என்பதையும் அவரே சொல்லட்டும். நீளமான முன்னுரையைத் தவிர்ப்பது நல்லது என்பது என் எண்ணம். முடிந்தால் அவர்களுடைய பாடகர் குழுவும் சேர்ந்து பாடத்தக்க, சபையார் அனைவருக்கும் தெரிந்த பழைய பாடலொன்றைத் தெரிந்தெடுங்கள். துக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதைவிடத் தாமும் சேர்ந்து பாடுவது அவருக்கு இலகுவாக இருக்கும். சுரத்தாளையும் எந்தச் சுருதியில் பாடுகிறீர்கள் என்பதையும் முன்னதாக அனுப்பிவிடுங்கள். ஒரே பாடலை ஓர் ஊர் இழுத்துப் பாடும், இன்னோர் ஊர் ஓட்டமாகப் பாடும். இந்தப் பாடலில் அவர்களுடைய நடைக்கே நீங்கள் போக வேண்டும்.

வீடுகளில் பிள்ளைகள் தாமாக அந்த நாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. வீட்டார் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தக் கதையைப் படத்தோடு முகநூலில் எழுதுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஆலய வாசலில் பைகளைச் சோதித்தால் முணுமுணுக்காமல் திறந்து காட்டுங்கள். வாத்தியப் பெட்டிகளை முன்னதாகவே கொண்டுபோய்க் காட்டிவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

கேள்வி: நான் பல ஆண்டுகளாகச் சபைக் குழுக்களை வாகனத்தில் ஏற்றிச் செல்லும் சாரதி. முஸ்லிம். பிள்ளைகள் நல்லவர்கள்; என்னை அண்ணன் என்ற பொருளில் "நானா" என்றே கூப்பிடுவார்கள். ஆனால் இரவில் எல்லோரும் வீடுகளுக்குப் போன பிறகு நான் வாகனத்திலேயே படுக்கிறேன். சாப்பாடும் சில இடங்களில் எனக்குச் சரிவருவதில்லை. இதைக் கேட்பது முறையா?
— வாசகர் ஒருவர், கிண்ணியா

பதில்: முறைதான். கேட்கும் நிலைக்கு உங்களை விட்டிருப்பதுதான் முறையல்ல. பெயர்ப்பட்டியலில் இருபத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும், கீபோர்ட்டும் ஒக்டபாட்டும்கூட இருக்கும்; சாரதியின் பெயரும் உதவியாளரின் பெயரும் இருக்காது. இனிமேல் அந்தப் பட்டியலின் முதல் வரியில் சாரதியின் பெயர் எழுதப்பட வேண்டும் என்று எல்லாக் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். மின்விசிறியும் நுளம்புவலையும் உள்ள ஓர் அறை அவருக்கு வேண்டும். இரவில் தூக்கம் கெட்ட சாரதியின் கையில்தான் மறுநாள் அத்தனை பிள்ளைகளின் உயிரும் இருக்கிறது. மீனும் மரக்கறியும் முட்டையும் அவருக்குச் சரிவரும். ஹலால் என்று உறுதியில்லாத இறைச்சியை வைத்துவிட்டு, "சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியத்தில் ஜும்ஆவுக்கு நேரம் விட்டுப் பயண ஒழுங்கைப் போடுங்கள்.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து தெற்கேயுள்ள துறைகளிலும் பாலங்கள் வந்ததும், மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் கரையோர வீதியை எளிதாக்கியிருக்கின்றன. ரயிலில் போவதென்றால் கல்ஓயாச் சந்திவரை உள்ளே போய் அங்கிருந்து திரும்பி வரவேண்டும். வாத்தியங்களோடு போகும் குழுவுக்கு அது ஏற்றதல்ல. ஹபரணைப் பக்கமாகப் போகும் குழுக்கள் இருட்டிய பின் வீதியில் யானை நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, "இரவோடிரவாகப் போய்ச் சேர்ந்துவிடுங்கள், நானா" என்று சாரதியை அவசரப்படுத்தாதிருக்க வேண்டும்.

கேள்வி: பாட்டு நிகழ்ச்சியில் எடுக்கப்படும் காணிக்கை யாருக்குச் சேரும்?
— சபைப் பொருளாளர் ஒருவர், திருகோணமலை

பதில்: அழைத்த சபை எதை முன்பே எழுத்தில் ஒத்துக்கொண்டதோ அதன்படி. ஒன்றும் எழுதாமல் போயிருந்தால் அது அழைத்த சபைக்கே உரியது. எரிபொருளுக்கென்று கேட்டு நிற்காதீர்கள்.

கேள்வி: தங்கிய வீட்டாருக்கு என்ன கொண்டுபோவது? திருகோணமலையின் எருமைத் தயிர் பெயர்பெற்றது; ஆளுக்கொரு சட்டி கொடுக்கலாம் என்கிறார்கள்.
— பாடகர் குழுச் செயலாளர், சாம்பல்தீவு

பதில்: யாழ்ப்பாணத்துக்கென்றால் சரி, சட்டி உடையாமல் போய்ச் சேருமானால். மட்டக்களப்புக்குத் தயிர் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். கருவாடு நல்ல பொருள்தான். பூட்டிய பஸ்ஸில் அதோடு நான்கு மணி நேரம் இருக்கப்போகும் சொப்ரானோக்களிடம் முதலில் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த பொருட்களை வாங்காதீர்கள். கொடுத்த விருந்துக்குக் கூலி தந்ததுபோல் ஆகிவிடும். ஊருக்குத் திரும்பிய ஒரு வாரத்துக்குள், தங்கிய இரண்டு பிள்ளைகளும் தங்கள் கையால் ஒரு பக்கம் எழுதி, அந்த வீட்டுத் திண்ணையில் எடுத்த படமொன்றோடு தபாலில் அனுப்பட்டும். செயலாளர் தட்டச்சில் எழுதும் நன்றிக் கடிதம் சபைக்குத் தனியாகப் போகட்டும்.